பரணில் கிடக்கும் பாத்திரத்திலிருந்து எழுதத் தொடங்குவது எப்படி?

எழுத ஆசை இருந்தும் எதை எழுதுவதென்று தெரியாமல் தவிப்பவர்கள் பலரும், தம் வாழ்க்கையில் எழுதும்படியாக எதுவும் நடந்துவிடவில்லை என்றே நினைக்கிறார்கள். பெரிய சம்பவம் எதுவும் தேவையில்லை. கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருளும், அதைப் பற்றிச் சொல்ல ஒரு மனிதரும் போதும். நம் வீடுகளில் எளிதாகக் கிடைக்கும் பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரத்தை வைத்தே இதைச் செய்து பார்ப்போம்.

படி 1: பொருளைத் தேர்ந்தெடுங்கள்

அன்றாடம் புழங்கும் பாத்திரத்தைவிட, புழக்கம் நின்றுபோய்ப் பரணுக்குப் போன தூக்குவாளியோ சம்படமோ நல்லது. அது ஏன் பரணுக்குப் போனது என்ற கேள்வி எழுதுவதற்கு ஒரு பிடியைக் கொடுக்கும்.

படி 2: கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள்

விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் கொத்தியிருக்கும் எழுத்துகளை வெளிச்சத்தில் சாய்த்துப் படியுங்கள். தலைப்பெழுத்து, பெயர், சில பாத்திரங்களில் திருமணத் தேதி, 'அன்பளிப்பு' என்ற சொல் ஆகியவை இருக்கும். இடம் போதாமல் கடைசி எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டும் இருக்கலாம். ஒரே பெண்ணின் பெயர் ஒரு பாத்திரத்தில் தந்தையின் தலைப்பெழுத்தோடும், பின்னர் வாங்கிய இன்னொன்றில் கணவரின் தலைப்பெழுத்தோடும் இருக்கக் கண்டால், அங்கே சற்று நில்லுங்கள். ஒரு முழுக் கதைக்கான விஷயம் அந்த ஓர் எழுத்து மாற்றத்தில் இருக்கிறது. ஆனாலும் பாசம், ஏக்கம் போன்ற சொற்களை இப்போதே எழுதிவிடாதீர்கள். நெளிவு, துருவேறிய கைப்பிடி, மாற்றிப் போட்ட மூடி ஆகியவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள்

என் அனுபவத்தில் அதிகம் கிடைப்பது இந்தப் படியில்தான். "இது யார் கொடுத்தது, அத்தை?" என்று கேட்டால் ஒரு பெயரோடு பேச்சு முடிந்துவிடும். "இதுல என்ன வெச்சு எடுத்துட்டுப் போவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், பிரசவத்துக்குக் கொண்டுபோன ரசஞ்சாதமும், பேருந்தில் சாய்ந்து கொட்டிய எண்ணெயும், பித்தளைக் குடத்தை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கிய நாளும் ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடும். அவர் சொல்வதை அவருடைய பேச்சிலேயே அன்றிரவுக்குள் எழுதி வையுங்கள். மறுநாளானால் விஷயம் நினைவில் இருக்கும், சொன்ன விதம் மறந்துபோகும்.

படி 4: அன்றாடக் குறிப்புக்கு ஒரு நோட்டு வையுங்கள்

ரேஷன் கடை வரிசையிலும் பேருந்திலும் காதில் விழும் பேச்சு, காய்கறி விலை, மழை வந்த நேரம் என எதையும் எழுதலாம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி எழுதிவந்த நாட்குறிப்பில் அரசியலோடு கப்பல் வரவும், வணிகச் செய்திகளும், ஊர்ப் பேச்சும் கலந்தே இருக்கின்றன. அந்தக் காலத்துப் புதுச்சேரியை அறிய விரும்புவோர் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். நாளுக்கு நான்கு வரி போதும்.

படி 5: ஒரே ஒரு காட்சியை எழுதுங்கள்

பாத்திரத்தின் முழு வரலாற்றையும் சொல்ல முற்பட்டால் அது குடும்ப விவரப் பட்டியலாக முடிந்துவிடும். எண்ணெய் கொட்டிய அந்தப் பேருந்துப் பயணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், நடத்துநர் என்ன சொன்னார், வீட்டுக்கு வந்ததும் என்ன நடந்தது என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். நினைவில் இல்லாத இடத்தை இட்டுக்கட்டினால் அது புனைவாகிவிடும். அதில் தவறில்லை, ஆனால் கட்டுரை என்ற பெயரில் அதை வெளியிடக் கூடாது.

படி 6: சொன்னவரிடமே வாசித்துக் காட்டுங்கள்

அவர் திருத்தும் விவரங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்வதை நீக்கிவிடுங்கள். பெரும்பாலும் வாசித்து முடிப்பதற்குள் அவர் வேறொரு பாத்திரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பார் என்பதால், நோட்டையும் பேனாவையும் கையோடு வைத்திருங்கள்.