நாகர்கோவில் பக்கம் இம்ப்ரோவ் பழகுகிறவர்களுக்கு

நம்ம மாவட்டத்தில் இம்ப்ரோவ் பண்ண ஆசைப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி கல்ச்சுரல்ஸ், சர்ச் ஆண்டு விழா, பொங்கல் விளையாட்டு விழா என்று ஏதாவது மேடையில் ஸ்கிட் போட்டுக் கைதட்டு வாங்கியவர்கள். அந்தக் கைதட்டுதான் முதல் தொந்தரவு. ஸ்கிட்டில் பஞ்ச் எங்கே வரும் என்று முன்னமே தெரியும், காத்திருந்து அடித்துவிடலாம். இம்ப்ரோவில் எழுதிவைத்தது எதுவும் கிடையாது, பார்க்கிறவர்களிடம் ஒரு சொல்லோ இடமோ கேட்டு வாங்கி அங்கேயே ஸீனை உண்டாக்க வேண்டும். அப்போதும் மண்டைக்குள் பஞ்ச் தேடிக்கொண்டிருந்தால் பக்கத்தில் நிற்கிறவர் சொல்வது காதில் விழாது. ஆகவே முதலில் கேட்கப் பழகுங்கள்.

அதற்கு நாலு பேரும் ஒரு மொட்டை மாடியும் போதும். எதிராளி வாக்கியத்தை எந்தச் சொல்லில் முடிக்கிறாரோ அந்தச் சொல்லில் நீங்கள் தொடங்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. தமிழில் இது நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் நமக்கு வினைச்சொல் கடைசியில் வருகிறது. "மாமா கடைக்குப் போயி சாவியை" என்பதுவரை கேட்டுவிட்டுப் பாய்ந்தால் மாமா சாவியை வாங்கினாரா, தொலைத்தாரா, விழுங்கினாரா என்றே தெரியாது. பாதியில் வெட்டிப் பேசுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு (ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு உண்டு) ஒரு மாதம் இது மட்டும் போதும்.

அப்புறம்தான் எல்லோரும் சொல்கிற 'ஆமா, அதோட' விதி. எதிராளி சொன்னதை உண்மை என்று எடுத்துக்கொண்டு மேலே ஒன்று வைக்க வேண்டும். ஒருவர் "பாட்டா, இந்தப் பலாமரம் பேசுது" என்கிறார். "மரம் எங்கயாவது பேசுமாலே" என்றால் ஒரு சிரிப்பு கிடைக்கும், ஸீன் அதோடு செத்தது. "பின்ன பேசாம இருக்குமா மக்கா, இத்தனை வருசமா உங்க ஆச்சி பக்கத்துலல்லா நிக்குது" என்று சொல்லிப் பாருங்கள். ஆச்சி வந்துவிட்டாள், அவள் வாயும் வந்துவிட்டது, பாட்டா எதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கிறார் என்பதும் வந்துவிட்டது. இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: உங்கள் கதாபாத்திரம் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. மரத்தோடு பாட்டா சண்டை போடலாம், வெட்டுவேன் என்று மிரட்டலாம். மரம் பேசுகிறது என்பதை மட்டும் மறுக்கக் கூடாது.

கோயில் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. புலவர் கதை சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" போடுவார்கள், நடுவில் ஒரு கேள்வி கேட்டுக் கதையை முன்னால் தள்ளியும் விடுவார்கள். ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலிருந்து தொடங்கியவர்தான். அடுத்த முறை கொடைக்குப் போனால் புலவரை விட்டுவிட்டு அந்தப் பக்கத்து ஆட்களையே கவனியுங்கள். எந்த இடத்தில் சும்மா ஆமா போடுகிறார்கள், எந்த இடத்தில் கேட்கிறார்கள், எப்போது வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள் என்று பார்த்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

ஸ்டேட்டஸ் என்று ஒன்று உண்டு. இங்கிலாந்திலிருந்து கனடாவுக்குப் போய், 1977இல் கால்கரியில் தியேட்டர்ஸ்போர்ட்ஸ் என்ற போட்டி வடிவத்தைத் தொடங்கிய கீத் ஜான்ஸ்டன் அழுத்திச் சொன்ன விஷயம்: எந்த இரண்டு பேர் பேசினாலும் ஒருவர் கொஞ்சம் மேலே, ஒருவர் கொஞ்சம் கீழே. அது மாறுகிற இடத்தில்தான் சிரிப்பு. வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் போகிற பஸ், கண்டக்டர், ஐந்நூறு ரூபாய்த் தாளோடு ஏறியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஒரு வசதி, மேலும் கீழும் கூப்பிடும் முறையிலேயே தெரிந்துவிடும். "சார்" என்று தொடங்கி "அண்ணே" ஆகி, "ஓய்" ஆகி, கடைசியில் "லேய்" வரை இறங்கட்டும். வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் மாற்றியே ஒரு முழு ஸீனை ஓட்டலாம்.

மேடை ஏறியதும் சினிமாவில் கேட்ட சென்னைத் தமிழுக்கோ மதுரைத் தமிழுக்கோ தாவுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து வேண்டாம். பாதி மூளை மொழிபெயர்ப்பில் போய்விடுகிறது, மிச்சப் பாதியில் எதைக் கேட்பது? விளவங்கோடு பக்கத்து ஆள் என்றால் வீட்டில் பேசுகிற மாதிரியே, மலையாளம் கலந்தே பேசுங்கள். ஆனால் தோவாளைக்காரர் விளவங்கோட்டுப் பேச்சைக் கேலிக்காக இழுத்துப் பேசுவது மட்டமான வேலை. சாதி, நிறம், உடம்பு, ஆண் சேலை கட்டினாலே சிரிக்க வேண்டும் என்கிற கணக்கு எல்லாமே அந்த ரகம்தான்.

பயிற்சியில் ஒருவர் வெளியே உட்காரட்டும். 1930கள், 40களில் சிகாகோவில் குழந்தைகளோடு நாடக விளையாட்டுகளை உருவாக்கிய வயோலா ஸ்போலின், ஆட்டத்தை நிறுத்தாமலே ஓரத்திலிருந்து குரல் கொடுப்பார். "மெதுவா", "அவர் கையைப் பாரு", "பேசாம செய்" என்கிற அளவில் வெளியே இருப்பவரின் குரல் இருக்கட்டும், விரிவுரை வேண்டாம்.

பயிற்சி முடிந்ததும் உங்கள் பழக்கத்தைக் குறித்துவையுங்கள். சிலர் எப்போதும் குடிகாரன் வேஷம், சிலர் கேள்வியாகவே கேட்டு எதிராளி தலையில் பாரத்தை ஏற்றுவார்கள், சிலர் எல்லா ஸீனையும் தாங்களே ஓட்டுவார்கள். எது உங்களுடையது என்று கூட ஆடுகிறவர்களிடம் கேட்டால் கூச்சமில்லாமல் சொல்லிவிடுவார்கள், வலிக்கும். அடுத்த வாரம் அதை மட்டும் தவிர்த்து ஆடுங்கள். குழுவில் இன்னொருவருக்கு அதிகம் சிரிக்கிறார்களே என்று பொறாமை வந்தால் அவருக்கு யார் எடுத்துக்கொடுத்தார்கள் என்று யோசியுங்கள். பல நேரம் அது நீங்களாகவே இருக்கும்.

நிகழ்ச்சி நாளில் "ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கூட்டத்தைக் கேட்காதீர்கள். நடிகர் பேரோ கட்சிப் பேரோ கத்துவார்கள், பின்வரிசைப் பையன்கள் என்ன கத்துவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். "உங்க வீட்டுல யாரும் தொடக்கூடாத பொருள் எது?" என்று கேளுங்கள். முன்வரிசை அக்கா ஒருவர் கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் இருக்கும் மாமியாரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். அவர் வாய் திறப்பதற்குள்ளேயே ஸீன் தொடங்கிவிட்டது, அந்தப் பார்வையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.