மோட்டபிலிட்டி காரை அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

பிரிட்டனில் மோட்டபிலிட்டி கார் (மாற்றுத்திறனாளி உதவித்தொகையை வாடகையாகக் கட்டி எடுக்கும் கார்) வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்ப உதவி வருகிறேன். வீட்டில் ஒருவர் திடீரென்று படுத்துவிட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். காரைக் கழுவிக் கொடுங்கள், கீறல் இருந்தால் சொல்லுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பணமும் நிம்மதியும் போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த கையோடு சாவியைக் கொடுப்பது

லண்டன் ஹாரோவில் ஒரு குடும்பம். சக்கர நாற்காலியோடு அப்படியே ஏற்றக்கூடிய பெரிய வாகனம் அம்மாவின் பெயரில் இருந்தது. நிமோனியா வந்து அம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். மகன் என்னிடம் சொன்னார்: "அம்மா இனி எங்க அண்ணா போகப்போறா? வாசல்ல அந்த வாகனத்தைப் பாக்கவே ஏலாம இருக்கு." மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அங்கே மேசையில் இருந்தவர் இரண்டு சாவிகளையும் வாங்கிக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். அம்மா வீடு திரும்புவாரா என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்தார். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். வாசலில் வாகனம் இல்லை.

புதிதாக எடுக்கலாமே என்பீர்கள். அதற்கு அவருடைய உதவித்தொகை இன்னும் குறைந்தது 12 மாதம் ஓட வேண்டும். அவருக்கு அவ்வளவு மிச்சமில்லை. அது புதுப்பிக்கப்பட்டாலும் முன்பணம் மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். சக்கர நாற்காலி வாகனத்துக்கு அது ஆயிரக்கணக்கில் போகும். ஆர்டர் கொடுத்துச் செய்கிற வாகனம் என்பதால் மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். அதுவரை டாக்சிதான். சாதாரண காருக்கு 3 வருட ஒப்பந்தம், இந்த வாகனங்களுக்கு 5 வருடம். அதைப் பாதியில் முறித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வாசலில் வாகனம் இருக்காது. இந்தக் குடும்பத்துக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. ஒரு தொலைபேசி அழைப்பில் தடுத்திருக்கலாம்.

சரி, என்ன செய்ய வேண்டும்? பிப் (PIP) என்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகையின் உயர்நிலை நடமாட்டப் பகுதிதான் (2025-26இல் அது வாரத்துக்கு 77.05 பவுண்டாக இருந்தது) காருக்கு வாடகையாகப் போகிறது. பெரியவர் ஒருவர் அரசு மருத்துவமனையில் 28 நாளுக்கு மேல் இருந்தால் அந்தப் பணம் நிற்கும். சேர்ந்த நாளும் வீடு திரும்பும் நாளும் கணக்கில் வராது. ஆனால் வீட்டுக்கு வந்து 28 நாளுக்குள் மறுபடி சேர்த்தால் இரண்டு முறை தங்கியதையும் கூட்டிவிடுவார்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சேரும்போது 18 வயது ஆகாத பிள்ளைக்கு இந்த நிறுத்தம் கிடையாது.

ஆகவே முதல் வாரம் சாவியைத் தொடாதீர்கள். சேர்த்த தேதியை எழுதி வையுங்கள். வீடு திரும்ப வாய்ப்பு உண்டா என்று வார்டு டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அப்புறம் மோட்டபிலிட்டிக்குப் போன் போட்டு நிலைமையைச் சொல்லி, பணம் நின்றாலும் காரை வைத்திருக்க வழி உண்டா என்று கேளுங்கள். திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முன்பணத்தில் எவ்வளவு திரும்பும், கட்டணம் ஏதும் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஓட்டுகிறவர் படுத்துவிட்டால் காரும் போச்சு என்று நினைப்பது

மனைவி பெயரில் கார், ஓட்டுவது கணவர். அவருக்குப் பக்கவாதம். அவர் குறைந்தது ஒரு மாதம் ஓட்டக்கூடாது என்பது சட்டம். அதற்காகக் காரைக் கொடுக்க வேண்டாம். மகளையோ மருமகனையோ ஓட்டுநராகச் சேர்த்தால் போதும். கார் மனைவிக்குரியது, யார் ஓட்டுகிறார் என்பது இரண்டாம் பட்சம்.

காரை வீட்டுப் பொதுக் காராக்குவது

ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மாவுக்குத் துணி, சாப்பாடு கொண்டுபோகலாம். டெலிவரி வேலைக்கு எடுக்கவே கூடாது.

பேசும் உரிமையை முன்கூட்டியே வாங்காமல் இருப்பது

நோயாளி மயக்கத்தில் இருந்தால், மகன் என்று சொன்னால் மட்டும் எந்த அலுவலகமும் பேசாது. அவர் தெளிவாக இருக்கும்போதே மோட்டபிலிட்டியில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிரந்தர அதிகாரப் பத்திரம் (அவர் சார்பில் முடிவெடுக்க உங்களுக்கு உரிமை தரும் Lasting Power of Attorney) எழுத அவருக்கு நினைவு தெளிவாக இருக்க வேண்டும், பதிவாகி வரவும் வாரங்கள் ஆகும். ஆகவே இதை நோய் முற்றும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

இறுதிக்கால விதியைக் கேட்காமல் விடுவது

12 மாதத்துக்குள் உயிர் பிரியலாம் என்று டாக்டர் கருதினால் எஸ்ஆர்1 (SR1) என்ற மருத்துவ அறிக்கைப் படிவத்தை அவரிடம் கேளுங்கள். பிப்பின் அன்றாடப் பராமரிப்புப் பகுதி உயர்நிலையில் தானாகவே கிடைக்கும். நடமாட்டப் பகுதியைத் தேவை பார்த்துத்தான் கொடுப்பார்கள், ஆனால் வழக்கமான மூன்று மாதக் காத்திருப்பு இல்லை.

இறப்புக்குப் பிறகு கேட்காமல் ஓட்டுவது

ஓட்டாதீர்கள். முதலில் மோட்டபிலிட்டியிடம் காப்பீடு எதுவரை என்று கேளுங்கள். ப்ளூ பேட்ஜை (மாற்றுத்திறனாளி பார்க்கிங் அட்டை) காரிலிருந்து எடுத்துக் கவுன்சிலுக்கு அனுப்புங்கள். காரில் இணைத்த போன் எண்களையும் அழித்துவிடுங்கள்.