பழைய போலிக்குமிழிலிருந்து புதிய ஆர்க்கிட்

சிம்பிடியம், கேட்லியா போன்ற ஆர்க்கிட்களை வேறு தொட்டிக்கு மாற்றும்போது, இலை உதிர்ந்து பின்புறம் நிற்கும் பழைய போலிக்குமிழ்களை (உணவும் நீரும் சேமிக்கும் தடித்த தண்டுப்பகுதிகளை) குப்பையில் எறிந்துவிடுவது பலரின் வழக்கம். அது அவசரம். விரலால் அழுத்தினால் கெட்டியாகவும், உலர்ந்த சருகுறையை உரித்துப் பார்த்தால் உள்ளே பச்சையாகவும் இருக்கும் குமிழில் உணவும் நீரும் இன்னும் மிச்சமிருக்கின்றன. பலேனாப்சிஸ், வாண்டா வகைகளுக்குப் போலிக்குமிழே கிடையாது என்பதால் இம்முறை அவற்றுக்குப் பொருந்தாது.

அடிப்பகுதியில் அரிசியளவில் புடைத்திருக்கும் உறங்கும் மொட்டைத் தேடுங்கள். அது கருகிப்போயிருந்தால் முளைக்கும் என்று நம்ப வேண்டாம். குமிழ்களை இணைக்கும் கிடைத்தண்டை, நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தியால் வெட்ட வேண்டும். வைரஸ் நோய்கள் கத்தி வழியாகவும் செடிக்குச் செடி பரவுகின்றன என்பதால் இதில் சோம்பல் கூடாது. இரண்டு மூன்று குமிழ்களைச் சேர்த்தே பிரித்தால் முளை வலுவாக வரும். அழுகிய வேர்களை நீக்கி, வெட்டுவாய் உலர ஓரிரு நாள் நிழலில் வையுங்கள்.

பிறகு, பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமுள்ள ஸ்பாக்னம் பாசியில் அடிப்பாகம் மட்டும் படுமாறு நிறுத்தி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடி, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். முளை வர சில வாரங்களும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். புதிய வேர்கள் முளையின் அடியிலிருந்தே வரும். அவை சில சென்டிமீட்டர் நீண்டபின் மரப்பட்டைத்துண்டுக் கலவைக்கு மாற்றலாம். பழைய குமிழ் சுருங்கத் தொடங்கினாலும் அதை வெட்டிவிடாதீர்கள், முளை அதைத்தான் உண்டு வளர்கிறது. பூக்க இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகும்.