கடை தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கிளைம் செய்வது எப்படி? முதல் நாளிலிருந்து

எங்கள் சித்தப்பாவின் ரெடிமேட் கடை ஓர் ஆடி மாத இரவில் எரிந்தது. தள்ளுபடி விற்பனைக்காகச் சரக்கு இறக்கி வைத்திருந்த நேரம். மறுநாள் காலையில் சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, அவர் மனம் நோகக்கூடாது என்று, கரிந்த துணியை மூன்று டிராக்டர் அள்ளிக் கொட்டிவிட்டோம். மாலையில் நஷ்டத்தை மதிப்பிட வந்த சர்வேயர் கேட்ட முதல் கேள்வி: "எரிந்த சரக்கு எங்கே?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே பல மாதங்கள் ஆயின. அப்படி யாரும் அலையக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: எதையும் கூட்டாதீர்கள்

101-க்கு அழைத்துத் தீயை அணைத்தாயிற்று. மெயின் சுவிட்சை யாரும் போடக்கூடாது. கட்டடம் உள்ளே போகும் நிலையில் இருக்கிறது என்று தீயணைப்பு வீரர்கள் சொன்ன பிறகு, போனை எடுத்து ஒவ்வொரு மூலையையும் படமும் வீடியோவும் எடுங்கள். ரேக், மீட்டர் போர்டு, கூரை, பாதி எரிந்த பண்டல், எல்லாமே வேண்டும்.

மழை வருகிற மாதிரி இருந்தால் தார்ப்பாய் போடலாம். நனையாத சரக்கைத் தனியாக எடுத்து வைக்கலாம். மேலும் நஷ்டமாகாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை என்றுதான் பாலிசியும் சொல்கிறது. ஆனால் எரிந்ததை இடத்தைவிட்டு அகற்றக்கூடாது. இறுக்கிக் கட்டிய துணி பண்டல் வெளியே கரியாக இருந்தாலும் நடுவில் முழுசாக எரிந்திருக்காது. ஹேங்கர் கொக்கி, ஜிப், பட்டன் எல்லாம் சாம்பலில் கிடக்கும். சரக்கு இருந்ததற்கு அவைதான் சாட்சி. குப்பையை அள்ளும் செலவையும் ஒரு வரம்பு வரை பாலிசியிலேயே கேட்கலாம், அதனால் அவசரம் வேண்டாம்.

படி 2: அன்றைக்கே தகவல்

கம்பெனியின் இலவச எண்ணுக்குப் போன் செய்து கிளைம் எண் வாங்குங்கள். அப்புறம் அதே விஷயத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஏஜெண்டிடம் சொன்னால் போதும் என்று விட்டுவிட வேண்டாம். பேச்சுக்குச் சாட்சி கிடையாது, மின்னஞ்சலுக்கு உண்டு. கடையின் பேரில் வங்கிக் கடன் இருந்தால் வங்கிக்கும் சொல்லுங்கள். பெரும்பாலும் கிளைம் பணம் வங்கி வழியாகத்தான் வரும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கிவிடுங்கள். தீயணைப்பு நிலையத்தில் அறிக்கைக்கு மனு கொடுங்கள். அது கைக்கு வர நாளாகும், முதல் வாரத்திலேயே கேட்டு வைப்பது நல்லது.

படி 3: சர்வேயரும் கணக்கும்

சர்வேயரை நியமிப்பதும் அவருக்குக் கட்டணம் கொடுப்பதும் கம்பெனிதான். ஆனால் அவர் கம்பெனி ஊழியர் இல்லை, காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் உரிமம் பெற்றவர். அவர் கேட்பதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

சரக்கு நஷ்டத்தைக் கண்ணளவில் யாரும் போடுவதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த சரக்கு, அதோடு தீப்பிடித்த நாள்வரை வாங்கியது, அதிலிருந்து விற்றதன் அடக்க விலையைக் கழித்தால் வருவதுதான் அன்றைய இருப்பு. உதாரணமாகத் தொடக்க இருப்பு 12 லட்சம், கொள்முதல் 30 லட்சம், விற்றதன் அடக்கம் 25 லட்சம் என்றால், கடையில் 17 லட்சத்துக்குச் சரக்கு இருந்திருக்க வேண்டும். விற்பனை விலை கிடைக்காது, அடக்க விலைதான்.

கொள்முதல் பில்லும் எரிந்துவிட்டால்? ஜி.எஸ்.டி. கணக்கு இணையத்தில் இருக்கிறது. ஆடிட்டரிடம் பழைய கணக்கு இருக்கும். மொத்த வியாபாரிகள் பில் நகல் தருவார்கள். வங்கிக்கு மாதாமாதம் ஸ்டாக் கணக்கு கொடுத்திருந்தால் அதையும் எடுங்கள். அதில் ஒரு தொகை, கிளைமில் வேறு தொகை என்றால் சிக்கல், முன்கூட்டியே ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 4: நிறையப் பேர் அடிபடும் இடம்

காப்பீட்டுத் தொகையைக் குறைவாகப் போட்டிருந்தால் நஷ்டமும் அதே விகிதத்தில் குறைக்கப்படும். பாலிசி 20 லட்சம், அன்று இருந்த சரக்கு 40 லட்சம், எரிந்தது 10 லட்சம் என்று வையுங்கள். கிடைப்பது 5 லட்சம். "பாலிசி 20 லட்சத்துக்கு இருக்கிறதே, எரிந்தது 10 தானே" என்று சித்தப்பா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் (ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் வரையுள்ள சொத்துக்கு) 15 சதவீதம் வரை குறைவாக இருந்தால் கழிக்க மாட்டார்கள். ஆடிக்கும் தீபாவளிக்கும் சரக்கு ஏற்றும் கடைக்கு அது போதாது. சீசனுக்கு முன்பே தொகையைக் கூட்டச் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கான பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்தக் கழிவே கிடையாது.

படி 5: "ஷார்ட் சர்க்யூட்டா? கிடைக்காது" என்று சொன்னால்

வழக்கமான தீ பாலிசியில், ஷார்ட் சர்க்யூட்டால் கெட்டுப்போன அந்த மின்கருவிக்கு மட்டும்தான் விலக்கு. அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த மற்ற எல்லாவற்றுக்கும் பணம் உண்டு. இதைத் தெரியாமல் காரணத்தை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். மறைக்காதீர்கள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

படி 6: கையெழுத்துக்கு முன்

சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தேய்மானம், மிச்சப் பொருளின் மதிப்பு, விகிதக் கழிவு என எது எவ்வளவு போனது என்று வரிவரியாகப் பாருங்கள். தொகை குறைவாகப் பட்டால், ஆட்சேபத்தோடு பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திடலாம். டிஸ்சார்ஜ் வவுச்சரில் (பணம் பெற்றுக்கொள்வதாகக் கம்பெனி கையெழுத்து வாங்கும் தாள்) கையெழுத்திட்டதாலேயே மேற்கொண்டு கேட்கும் உரிமை போய்விடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2015-இல் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

படி 7: மறுத்துவிட்டால்

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ஓராண்டுக்குள், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள். தனிநபர் பாலிசிகள் மட்டுமல்ல, தனி உரிமையாளர் நடத்தும் சிறு கடைகளும் இதில் அடக்கம். சித்தப்பாவும் கடைசியில் அங்கேதான் போனார். பில் நகல்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, தானே பேசினார்.