காருக்கு வெளிச்சந்தை ஏர் ஃபில்டர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். அத்தனை காற்றிலும் மிதக்கும் தூசியை இன்ஜினுக்குள் விடாமல் தடுப்பதே ஏர் ஃபில்டரின் முதல் வேலை. வெளிச்சந்தை ஃபில்டர்களின், அதாவது கார் நிறுவனம் அல்லாத பிறர் தயாரித்து விற்பவற்றின், அட்டைப்பெட்டியிலோ 'கூடுதல் காற்றோட்டம்', 'கூடுதல் சக்தி' என்ற சொற்களே பெரிதாக இருக்கும். தூசியை எந்த அளவுக்குத் தடுக்கும் என்பது பல பெட்டிகளில் இருப்பதே இல்லை. வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

கூடுதல் காற்றோட்டம் உங்கள் காருக்குத் தேவையா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். சாதாரண ஓட்டத்தில் பெட்ரோல் இன்ஜினுக்குள் செல்லும் காற்றின் அளவை முடிவு செய்வது, ஆக்சிலரேட்டரை அழுத்தும் அளவுக்குத் திறக்கும், அப்போது பாதி மூடியிருக்கும் த்ராட்டில் வால்வுதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கணினிக் கட்டுப்பாட்டில் எரிபொருள் செலுத்தப்படும் பெட்ரோல் கார்களில் ஃபில்டர் கடுமையாக அடைபட்டிருந்தபோதும் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. முழுமையாக ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வேகமெடுக்கும் திறனே குறைந்தது. ஆகவே மைலேஜுக்காக விலை உயர்ந்த ஃபில்டர் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபில்டர்களை ஒப்பிட ஐஎஸ்ஓ 5011 என்ற சோதனைத் தரம் இருக்கிறது. தூசியைத் தடுக்கும் திறன், அடைபடும் முன் தாங்கும் தூசியின் எடை, காற்றுக்கு ஏற்படும் தடை ஆகிய மூன்றையும் அது அளக்கிறது. எண்களைப் படிக்கும்போது கவனம் வேண்டும். 99 சதவீதத்துக்கும் 97 சதவீதத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும்; ஆனால் முதல் ஃபில்டர் நூறு பங்கு தூசியில் ஒரு பங்கையும் இரண்டாவது மூன்று பங்கையும் உள்ளே விடுகின்றன, அதாவது இன்ஜினுக்குள் போகும் தூசி மூன்று மடங்காகிறது. சோதனைக்கு நுண்ணிய தூசியைப் பயன்படுத்தினார்களா, பருமனான தூசியையா என்பதையும் பாருங்கள். பருமனான தூசியில் எந்த ஃபில்டருக்கும் நல்ல எண்ணே கிடைக்கும். பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அதிகம் தேய்ப்பவை கண்ணுக்கே தெரியாத, சில மைக்ரான் அளவுள்ள துகள்கள்.

காகித ஃபில்டரை மட்டமானது என்று ஒதுக்க வேண்டாம். மடிப்புகள் நெருக்கமாகவும் சீராகவும் இருந்தால் அதன் பரப்பு அதிகம். தூசி படியப் படிய அதன் தடுக்கும் திறன் கூடவும் செய்யும். கழுவிப் பயன்படுத்தும், எண்ணெய் தோய்த்த பருத்தி ஃபில்டர்கள் நீண்ட நாள் உழைக்கும் என்றாலும், கழுவி, நிழலில் முழுமையாக உலர்த்தி, அளவாக எண்ணெய் இடும் பொறுமை உள்ளவர்களுக்கே அவை ஏற்றவை. எண்ணெய் மிகுந்தால் அது காற்றோடு சென்று இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரின் மெல்லிய சூடான கம்பியில் படிந்து, காற்றின் அளவைத் தவறாகக் காட்டச் செய்யலாம்.

எந்த வகையானாலும், அது காரில் உள்ள ஃபில்டர் பெட்டியில் எப்படி உட்காருகிறது என்பது மிக முக்கியம். என் காருக்கு ஒருமுறை வாங்கிய ஃபில்டரின் ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. சில வாரங்கள் கழித்துத் திறந்து பார்த்தபோது, சுத்தமாக இருக்க வேண்டிய பக்கத்தில், அந்த மூலையிலிருந்து குழாயை நோக்கிப் பழுப்புக் கோடு ஒன்று ஓடியிருந்தது. வாங்கும்போதே பழைய ஃபில்டரின் அருகில் வைத்து நீளம், அகலம், விளிம்பின் தடிமன் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். விளிம்பை விரலால் அழுத்தினால் அது சுற்றிலும் ஒரே சீராக அமுங்கி மீள வேண்டும்.

அந்தப் பெட்டியையே நீக்கிவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டருடன் கூடிய இன்டேக் (இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய் அமைப்பு) பொருத்த நினைப்பவர்கள் வெப்பத்தை மறக்கக் கூடாது. பானட்டுக்குள் திறந்த நிலையில் இருக்கும் கூம்பு, இன்ஜினின் சூட்டைத்தான் உறிஞ்சும். 20 டிகிரி செல்சியஸ் காற்று 50 டிகிரிக்குச் சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்துவிடும். நீங்கள் கேட்கும் உறுமல் சத்தம் சக்திக்கு அத்தாட்சி ஆகாது. நல்ல இன்டேக்கில் வெப்பத்தைத் தடுக்கும் மூடிய பெட்டியும், வெளிக்காற்றை எடுக்கும் வழியும் இருக்கும். சென்சார் பொருந்தும் குழாயின் உள்விட்டம் அசல் குழாயோடு ஒத்திருக்க வேண்டும். அது மாறினால் இன்ஜின் கணினியின் கணக்கும் பிசகும். காற்றை எடுக்கும் வாய் பம்பரின் அடியில் தாழ்வாக அமையும் வகையை, தேங்கிய நீரில் ஓட்ட நேருபவர்கள் தவிர்த்துவிட வேண்டும். சிலிண்டருக்குள் நீர் புகுந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடே வளைந்துவிடலாம். வாரண்டி உள்ள காரானால் அதன் நிபந்தனைகளை முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும் முன் பெட்டியின் உட்புறத்தை ஈரத் துணியால் துடைத்து உலர விடுங்கள். சுமார் ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, இன்ஜின் பக்கத்துக் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால், குழாயை இறுக்கும் கிளாம்ப்பையும் ஃபில்டரின் விளிம்பையும் சரிபாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் தூசி வருமானால், அந்த ஃபில்டரைக் கழற்றிவிட்டு அசல் ஃபில்டரையே மீண்டும் பொருத்துங்கள்.