செயின்ட் பாட்ரிக் நாள் சமையலில் சறுக்கும் இடங்கள்

அயர்லாந்தின் காவல் புனிதரான பாட்ரிக்கின் நாள் மார்ச் 17. அன்று அயர்லாந்து வீடுகளின் அடுப்பில் ஏறுவது ஆடம்பரச் சமையல் அல்ல. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வெங்காயம், இறைச்சி, கோதுமை மாவு, மோர். சரக்கு ஏறக்குறைய இவ்வளவுதான். சரக்கு குறைவு, ஆகவே வேலையும் எளிது என்று நம்பி இறங்குபவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியிருக்கிறேன். என் முதல் சோடா ரொட்டியை வைத்துச் சுவரில் ஆணி அடித்திருக்கலாம்.

அந்த ரொட்டிக்கு ஈஸ்ட் கிடையாது. மாவு, சமையல் சோடா, உப்பு, மோர் என நான்கே பொருள்கள். மோரின் புளிப்பு சோடாவில் பட்டதும் கரியமில வாயு கிளம்பும். மாவை உப்ப வைப்பது அதுதான். 19ஆம் நூற்றாண்டில் சோடா கடைகளுக்கு வந்தபிறகு இது வீட்டுக்கு வீடு பரவியது. அங்கே விளையும் மென்மையான கோதுமைக்கு ஈஸ்ட் ரொட்டியைவிட இது நன்றாகப் பொருந்தியது. சப்பாத்தி பழகிய கை தப்புச் செய்வது இங்கேதான். மாவைக் கண்டதும் பிசையத் தொடங்கிவிடுகிறோம். பிசையப் பிசைய மாவு இறுகும், ரொட்டி கல்லாகும், கிளம்பிய வாயுவும் வீணாகும். விரல்களை விறைப்பாக விரித்து, பாத்திரத்துக்குள் நாலு சுற்றுச் சுற்றி, மாவு ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். பார்க்க அலங்கோலமாக இருக்கும், இருக்கட்டும்.

அடுத்தது மோர். வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சியதைத்தான் அவர்களும் ஊற்றினார்கள். அந்த வகையில் நம் பாட்டி வீட்டு மோருக்கு அது உறவுதான். ஆனால் வெயிலுக்குத் தண்ணீர் விட்டுப் பெருக்கிய நீர்மோரில் புளிப்பும் இல்லை, கனமும் இல்லை. 450 கிராம் மாவுக்கு, சற்றுப் புளித்த தயிர் 300 மில்லியில் 100 மில்லி தண்ணீர் கலந்தால் சரியாக வரும். சோடா, தலை தட்டிய ஒரு டீஸ்பூன். நன்றாக உப்பட்டும் என்று கூடுதலாகப் போட்டால் ரொட்டி மஞ்சள் பாரித்து, சோப்புக் கட்டியைக் கடித்தது போல இருக்கும். பேக்கிங் பவுடரையும் சோடாவையும் ஒன்றென்று எண்ண வேண்டாம்; பவுடரில் புளிப்புப் பொருள் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, அளவு மாறிவிடும்.

ஓவன் சூடேறிய பிறகே மோரை ஊற்றுங்கள். கலந்து வைத்துவிட்டு போன் பேசப் போனால் வாயு காத்திருக்காது. 230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200 டிகிரியில் 30 நிமிடம் வேகட்டும். மேலே சிலுவை போல ஆழமாகக் கீற வேண்டும். குட்டித் தேவதைகள் வெளியேறுவதற்கு என்பார்கள். தடித்த நடுப்பகுதிக்குச் சூடு இறங்கும் என்பதால் நான் கீறுகிறேன். வெந்ததா என்று அறிய, கவிழ்த்து அடியைத் தட்டுங்கள். காலிப் பானையைத் தட்டியது போல ஒலித்தால் இறக்கலாம். உடனே துணியில் சுற்றி வைத்தால் மேலோடு பதமாக இருக்கும்.

ஐரிஷ் ஸ்டூவில் நம் கை பரபரப்பது பட்டை, கிராம்புக்கு. விட்டுவிடுங்கள். ஆட்டின் கழுத்துக் கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணீர், உப்பு, மிளகு போதும். கேரட் சேர்க்கலாமா என்பதற்கே அங்கே சண்டை நடக்கும். கறியை வதக்கிச் சிவக்க வைப்பதும் பழைய முறை அல்ல. இந்தக் குழம்பு வெளிறித்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு விசில் விட்டால் கறி வேகும் முன்பே கிழங்கு கூழாகிவிடும். கொஞ்சம் கிழங்கை மெல்லியதாக நறுக்கி அடியில் போடுங்கள், அது கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். மீதியைப் பெரிய துண்டுகளாகக் கறி பாதி வெந்தபின் சேர்க்கலாம். கின்னஸ் என்ற கறுப்பு பீரை ஊற்றுவது மாட்டிறைச்சி ஸ்டூவில். அது வேறு பதார்த்தம்.

கால்கனன் என்பது மசித்த உருளைக்கிழங்கில் முட்டைக்கோஸோ கேல் கீரையோ கலந்தது. கிழங்கை மிக்சியில் போடாதீர்கள், போஸ்டர் ஒட்டும் பசை கிடைக்கும். தோலோடு வேகவைத்து, சூடு ஆறுமுன் உரித்து, மத்தால் மசித்து, சூடான பால் ஊற்ற வேண்டும். நடுவில் குழித்து வெண்ணெய் வைப்பதில் கஞ்சத்தனம் கூடாது.

உப்பிட்ட மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும்தான் அயர்லாந்தின் அசல் விருந்து என்று நினைப்பது அமெரிக்காவிலிருந்து வந்த பழக்கம். ஊரில் தின்றது உப்பிட்ட பன்றி இறைச்சி. நியூயார்க்கில் குடியேறியவர்களுக்கு யூதக் கசாப்புக் கடைகளின் மாட்டிறைச்சி கைக்கெட்டியது. பன்றி இறைச்சி செய்வதாக இருந்தால் மெல்லிய பேக்கன் சீவல்கள் உதவாது, முழுத் துண்டு வேண்டும். முதல் கொதி நீரைக் கொட்டிவிடுங்கள், உப்பு இறங்கும். பிறகு வேகவைத்த நீரிலேயே முட்டைக்கோஸைச் சில நிமிடங்கள் மட்டும் போட்டு எடுங்கள். அதிகம் வெந்தால் வீடு முழுக்கக் கந்தக வாடை.

பச்சைச் சாயம் கலந்த பீரும் அமெரிக்கக் கேளிக்கைதான். சிகாகோவில் ஆற்றுக்கே 1962 முதல் சாயம் ஊற்றுகிறார்கள். அலங்காரத்துக்கு இலை வரைந்தால் மூன்று இதழோடு வரையுங்கள். நான்கு இதழ் அதிர்ஷ்டச் சின்னம். பிதா, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை விளக்கப் பாட்ரிக் காட்டியதாகக் கதை சொல்லும் ஷாம்ராக் என்ற சிற்றிலை மூன்றிதழ். ‘பிளாக் அண்ட் டான்’ என்ற பெயரில் பானம் பரிமாறுவதையும் தவிர்க்கலாம். 1920இல் பிரிட்டிஷ் அரசு ஏவிய படைக்கு அந்தப் பெயர். வீடுகளைக் கொளுத்தியதை அயர்லாந்து மறக்கவில்லை.

கடைசியில் ஐரிஷ் காபி போடுபவர்கள், இனிப்பு வேண்டாம் என்று சர்க்கரையை விட்டுவிடுவதுண்டு. சூடான காபியில் விஸ்கியோடு சர்க்கரையும் கரைந்திருந்தால்தான் மேலே கிரீம் மிதக்கும். கிரீமை லேசாக மட்டும் அடித்து, கரண்டியின் முதுகில் வழியவிட்டு ஊற்றுங்கள். ஊற்றியபின் கலக்காதீர்கள், குளிர்ந்த கிரீமின் ஊடே சூடான காபியை உறிஞ்ச வேண்டும்.