மலை ஏறும்போது என்ஜின் கொதித்தால்: ஹெட் கேஸ்கட்தானா?

ஊட்டியில் மார்கழிக் காலையில் எல்லாக் கார்களும் வெள்ளைப் புகை விடும். அது குளிரில் நுண்துளிகளாக மாறிய நீராவி. அதற்காக என்ஜினைப் பிரிக்க வேண்டாம். சூடான பிறகும் புகை நிற்காமல், கூலன்ட்டும் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவே தெரியாமல் குறைந்தால்தான் ஹெட் கேஸ்கட் மீது சந்தேகம்; அது சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு.

முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைத் தாங்காவிட்டால், கல்லட்டி ஏற்றத்தில் நல்ல என்ஜினும் பொங்கும். சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக ஹெட்டைக் கழற்றுகிறவர்களும் உண்டு!

என்ஜின் முழுதாக ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழ்கள் ஓயாமல் வந்தால், கேஸ்கட் பழுதாகி சிலிண்டர் வாயு நீருக்குள் புகுவதாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கில் (எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி) எண்ணெய் பால் காபி நிறமானாலும் கேஸ்கட் பழுதே காரணமாக இருக்கலாம். எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் அந்தப் பசை இருந்தால் பயம் வேண்டாம். குளிரில் குறுந்தூரம் ஓட்டினாலே அது சேரும்.

கேஸ்கட்டை மாற்றுவது பொறுமையான வேலை. கழற்றிய ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்து, வளைவும் விரிசலும் பார்க்காமல் புது கேஸ்கட் போடாதீர்கள், மீண்டும் போய்விடும். போல்ட் துளைகளில் எண்ணெயோ நீரோ தேங்கக்கூடாது. நடுவிலிருந்து வெளிப்புறமாக, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) போல்ட்டுகளைப் படிப்படியாக முறுக்குங்கள். பல என்ஜின்களில் பழைய போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தக்கூடாது. வால்வுகளின் இயக்கத்தை என்ஜினோடு ஒத்திசைக்கும் டைமிங் பெல்ட்டைக் கழற்றும் முன்பே, அதன் குறிகளைப் படம் எடுத்துவையுங்கள்.